பழைய ஜி.ஐ. குழாயை முழுவதும் மாற்றுவதா, கசிந்த இடத்தை மட்டும் சரிசெய்வதா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கட்டி நாற்பது ஆண்டு ஆன கட்டடம். மேலே குடியிருப்பு, கீழே அலுவலகம். சுவருக்குள் ஓடுவது முழுவதும் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஓராண்டுக்குள் இரண்டு இடங்களில் கசிந்துவிட்டது, மாடிக் குளியலறையில் தண்ணீர் மிக மெதுவாக வருகிறது. ஒரு பிளம்பர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். மற்றவர் கசிந்த இடத்தில் புதுத் துண்டு போட்டால் போதும் என்கிறார். மாற்றுவதானால் எந்தக் குழாய் சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இந்தக் கசிவு அந்த ஓரிடத்தின் கோளாறா அல்லது குழாய் முழுவதற்கும் வயதாகிவிட்டதன் அறிகுறியா என்பதைத்தான். அதற்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டு பிளம்பர்களில் யார் சொல்வது சரி என்பது தானே தெரிந்துவிடும். கட்டடங்களுக்கான நீர்க்குழாய் வேலைகளை வடிவமைப்பதிலும் மேற்பார்வையிடுவதிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கட்டடத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே எவை எங்கும் பொருந்தும் உண்மை, எவை நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டியவை என்பதை இயன்றவரை பிரித்துச் சொல்கிறேன்.

ஜி.ஐ. குழாய் எப்படிப் பழுதாகிறது என்பதில் ஐயமே இல்லை. உள்ளே பூசிய துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அது தீர்ந்த பிறகு இரும்பே அரிபடத் தொடங்குகிறது. துரு, உதிர்ந்து தண்ணீரோடு போய்விடுவதில்லை. மேடு மேடாக உள்சுவரில் படிந்து வளர்கிறது. அதனால் வெளியே புதிதுபோல் தோன்றும் குழாயின் உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சுடுநீர் ஓடும் வழிகள் முன்னதாகவே கெடும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், சிலவகை நீரில் துத்தநாகம் இரும்பைக் காக்கும் குணத்தையே இழந்துவிடுகிறது. கசிவு முதலில் எல்போ, டீ போன்ற இணைப்புகளில் தோன்றுவதற்கும் தெளிவான காரணம் உண்டு. நடுத்தர வகை அரை அங்குலக் குழாயின் சுவர் புதிதாக இருக்கும்போது சுமார் 2.6 மி.மீ. தடிமன். முனையில் மரை வெட்டும்போது அதில் ஏறக்குறைய 1.2 மி.மீ. போய்விடுகிறது. ஆகவே துரு மற்ற இடங்களைத் துளைப்பதற்கு வெகுகாலம் முன்பே மரையைத் துளைத்துவிடும். இணைப்பில் கசிகிறது, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த வாதத்தை அப்படியே ஏற்காதீர்கள். அது பெரும்பாலும் முதலில் வெளிப்பட்ட அறிகுறி மட்டுமே.

மாடியில் தண்ணீர் குறைந்ததற்கும் இதே துரு காரணமாக இருக்கலாம், ஆனால் சோதிக்காமல் அப்படி முடிவு கட்ட வேண்டாம். முதலில் குழாய் முனையில் உள்ள சல்லடையையும் ஷவர் தலையையும் கழற்றிக் கழுவுங்கள். வழியில் உள்ள வால்வுகள் முழுவதும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கேட் வால்வின் உள்தட்டு தண்டிலிருந்து கழன்று பாதையிலேயே நின்றுவிடுவதுண்டு. வெளியே சக்கரம் சுழலும், உள்ளே எதுவும் அசையாது. அதன் பிறகு 10 லிட்டர் வாளி ஒன்று நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஒவ்வொரு குழாயிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்துக் குழாயையும் திறந்துவிட்டு மறுபடி அளவெடுங்கள். இரண்டாவது குழாயைத் திறந்தவுடன் முதலாவது ஏறக்குறைய நின்றேபோகிறது என்றால், பொதுவாக ஓடும் வழி குறுகிவிட்டது என்று பொருள். அழுத்தமானியை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அடைபட்ட குழாயும் முழு அழுத்தத்தையே காட்டும். ஓடத் தொடங்கிய பிறகுதான் உண்மை தெரியும். உள்விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓடும் நீர் பாதியாக அல்ல, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சில ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீர் வரவில்லை என்று மக்கள் உணர்வது இதனால்தான்.

நிறமும் ஒரு தடயம் தரும். காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருந்து ஓரிரு நிமிடங்களில் தெளிந்தால், இரவு முழுதும் உங்கள் குழாயிலேயே நின்ற நீர் அது. எவ்வளவு நேரம் ஓடினாலும் தெளியவில்லை என்றால், வெளியிலிருந்து வரும் வழியையோ தொட்டியையோ பார்க்க வேண்டும். சுடுநீர் மட்டும் பழுப்பாக வந்தால் ஹீட்டரின் தொட்டி அரிபட்டிருக்கலாம். இவற்றோடு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் நகர்கிறதா என்று ஒரு மணிநேரம் கவனியுங்கள். நகர்ந்தால் நீங்கள் இன்னும் காணாத மூன்றாவது கசிவு எங்கோ இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி, வெட்டி எடுத்த ஒரு துண்டுக் குழாய். கசிவைச் சரிசெய்தபோது எடுத்த துண்டு கைவசம் இருந்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அது கசிந்த இடத்துக்கு அருகிலிருந்து வந்தது என்பதால் மொத்த வழியின் நிலையைவிட மோசமாகக் காட்டக்கூடும். ஆகவே கசியாத வழி ஒன்றிலிருந்தும், முடிந்தால் சுடுநீர் வழியிலிருந்தும் கை நீளத் துண்டு ஒன்றை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். துருவைச் சுரண்டிவிட்டு எஞ்சிய சுவரின் தடிமனை வெர்னியர் என்ற நுண்ணளவுகோல் கொண்டு அளந்தால், உங்களுக்கும் பிளம்பருக்கும் இடையே வாதத்துக்கு இடமிருக்காது. கசியாத இடத்திலும் உள்வழி பாதியாகக் குறுகியிருந்தாலோ, சுவர் பாதிக்கு மேல் அரிபட்டிருந்தாலோ முழுவதும் மாற்றச் சொல்பவரே சரி. உள்ளே சுத்தமாக இருந்து, கசிவுக்கு வெளிக்காரணம் தெளிவாகத் தெரிந்தால், அதாவது எப்போதும் ஈரமாக இருக்கும் குளியலறைத் தரைக்கு அடியில் வெளிப்புறத்திலிருந்து அரித்திருந்தாலோ, சுவரில் அடித்த ஆணி உரசியிருந்தாலோ, துண்டு போட்டால் போதும் என்பவரே சரி. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் நிலையில் உறுதியான விதி கிடையாது. அங்கே என் சாய்வு, அடுத்த சில ஆண்டுகளுக்குள் குளியலறையையோ சமையலறையையோ எப்படியும் உடைத்துப் புதுப்பிக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. சுவரைத் திறக்கும் நாளில் பழைய குழாயை உள்ளேயே விட்டு மேலே டைல்ஸ் ஒட்டுவது மட்டும் வேண்டாம்.

துண்டு போடுவதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பழைய மரையைக் கழற்ற ரெஞ்சு போட்டுத் திருப்பும்போது அந்த விசை சுவருக்குள் இருக்கும் அடுத்த இணைப்பையும் முறுக்கும்; ஏற்கெனவே மெலிந்த மரை அங்கே விரிசல் கண்டு, சில வாரம் கழித்துக் கசியும். இரண்டாவது கசிவு முதல் கசிவைச் சரிசெய்த இடத்துக்குச் சில அடி தூரத்தில்தான் ஏற்பட்டதா என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, வெவ்வேறு உலோகங்களின் சேர்க்கை. ஜி.ஐ.யோடு செம்புக் குழாயை நேரடியாக இணைத்தால், நீரை ஊடகமாகக் கொண்டு மின்வேதி அரிப்பு ஏற்பட்டு ஜி.ஐ. விரைவில் கெடும், நடுவில் பித்தளை இணைப்போ, இரு உலோகங்களும் தொடாமல் பிரித்துவைக்கும் மின்காப்பு யூனியன் என்ற இணைப்போ வேண்டும். நீர் ஓடும் திசையில் செம்பு முன்னும் ஜி.ஐ. பின்னுமாக அமைவதை மின்காப்பு யூனியனாலும் காப்பாற்ற முடியாது. செம்பிலிருந்து கரைந்து வரும் நுண்ணளவு செம்பே துத்தநாகத்தின் மேல் படிந்து அதைக் குழி குழியாக அரிக்கும். ஆகவே வேலையைத் தவணையாகச் செய்ய வேண்டியிருந்தால் இடம் இடமாகச் செய்யாதீர்கள். ஒரு முழு வழியை அதன் தொடக்கத்திலிருந்து கடைசிக் குழாய்வரை எடுத்து முடித்துவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள்.

பழைய கட்டடம் என்பதால் ஈயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் குழாயின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், நாணயத்தால் சுரண்டினால் மெத்தென்று சீவிப் பளபளவென்று வெள்ளி நிறம் காட்டினால் ஈயமாக இருக்க வாய்ப்பு மிகுதி. பழைய செம்புக் குழாய்களின் இணைப்புகளிலும் ஈயம் கலந்த பற்றாசு (சால்டர்) இருந்தது. குடிநீர் வழிகளில் அதை அமெரிக்கா 1986-இல்தான் தடை செய்தது. ஈயத்துக்குப் பின்னால் ஜி.ஐ. இருந்தால் அதன் துருவே ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அசைவு ஏற்படும்போதெல்லாம் விடுவிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். குழந்தைகளைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. ஈயக் குழாயில் பாதியை மட்டும் மாற்றினால் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ நீரில் ஈயம் கூடுவதும் உண்டு. ஐயம் இருந்தால் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துவிடுங்கள். இதில் கண்ணையும் நாக்கையும் நம்ப முடியாது.

இனி எந்தக் குழாய் என்ற கேள்வி. உங்கள் பிளம்பர் எந்தப் பொருளை நாள்தோறும் இணைத்துப் பழகியிருக்கிறாரோ அதுவே உங்களுக்குச் சிறந்தது என்பதே என் முதல் பதில். இது கேள்வியைத் தட்டிக் கழிக்கச் சொன்னதல்ல. இக்காலக் குழாய்களில் குழாய் உடல் தானாகக் கெடுவது குறைவு. இணைப்பு கெடுவதுதான் அதிகம். 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளில் பரவலாகப் போடப்பட்ட பாலிபியூட்டிலீன் என்ற நெகிழிக் குழாயின் கதை இதற்குச் சான்று. அதன் பிளாஸ்டிக் இணைப்புகள் நீரில் உள்ள குளோரினால் உள்ளிருந்து சிதைந்து உடைந்தன. வழக்குகள் பெருகி, குழாய் சந்தையிலிருந்தே விலகியது.

பொருள்களின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யு.பி.வி.சி. என்ற கெட்டியான நெகிழிக் குழாய் குளிர்நீருக்கு மட்டுமே, சுடுநீருக்கு ஆகாது. அதில் குளோரின் கூட்டிய வகையான சி.பி.வி.சி. சுடுநீரைத் தாங்கும், ஆனால் அதற்கென உள்ள சால்வென்ட் சிமெண்ட் என்ற பசையையே பயன்படுத்த வேண்டும். யு.பி.வி.சி.க்கான பசையால் ஒட்டிய இணைப்பு அன்று கசியாது, சுடுநீர் பழகிய பிறகு விட்டுவிடும். எண்ணெய் கலந்த மரைப் பசைகளும் சிலவகை ஃபோம்களும் பட்டால் சி.பி.வி.சி.யில் விரிசல் விழும் என்பதும் பலருக்குத் தெரியாது. பெக்ஸ் என்ற வளையக்கூடிய நெகிழிக் குழாய் சுருளாக வருவதால் சுவருக்குள் இணைப்பே இல்லாமல் ஓட்டலாம். அது பெரிய நன்மை. வெயில் படும் இடத்துக்கும் எலி நடமாடும் இடத்துக்கும் அது ஏற்றதல்ல. செம்பு நன்கு உழைக்கும். ஆனால் நீர் அமிலத்தன்மை கொண்டதாக இருந்தாலோ, சிறிய விட்டத்தில் வேகமாக ஓடினாலோ ஊசித்துளை விழும். சுடுநீர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி விட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம்.

பி.பி.ஆர். எனப்படும் பாலிப்ரொப்பிலீன் நெகிழிக் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஜி.ஐ.க்குப் பதிலாக அதைப் போடும்போது ஒரு தவறு மீண்டும் மீண்டும் நடக்கிறது. ஜி.ஐ.யின் அரை அங்குலம் என்பது ஏறக்குறைய உள்விட்டத்தைக் குறிப்பது. உண்மையில் சுமார் 16 மி.மீ. வழி இருக்கும். பி.பி.ஆரில் எழுதியிருப்பது வெளிவிட்டம். சுடுநீருக்குப் பரவலாகப் போடப்படும் தடித்த வகையில் 20 மி.மீ. குழாயின் சுவர் 3.4 மி.மீ.; உள்வழி 13.2 மி.மீ. மட்டுமே. 25 மி.மீ. போட்டால்தான் 16.6 மி.மீ. கிடைக்கும். அரை அங்குலத்துக்கு இருபது என்று கடையில் சொன்னதைக் கேட்டுப் பொதுவழி முழுவதும் போட்டுவிட்டு, புதுக் குழாய் போட்டும் தண்ணீர் பழையபடியே வருகிறதே என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை 260 டிகிரியில் உருக்கி ஒட்டுவார்கள். சூடு காட்டும் நேரம் சில விநாடி கூடினாலும், ஆழம் மீறி அழுத்தினாலும், உருகிய பொருள் உள்ளே வளையமாகத் திரண்டு வழியை இன்னும் குறுக்கும். வெளியே பார்த்தால் அழகான இணைப்பாகத்தான் தெரியும். ஆகவே வேலை தொடங்கும் நாளில் ஒரு மாதிரி இணைப்பை ஒட்டச் சொல்லி, அறுத்து உள்ளே பாருங்கள்.

வெப்பத்தில் நீள்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 10 மீட்டர் நீளமுள்ள வழியில் வெப்பம் 40 டிகிரி உயர்ந்தால் செம்பு சுமார் 7 மி.மீ. நீளும், சி.பி.வி.சி. சுமார் 25 மி.மீ., சாதாரண பி.பி.ஆர். 60 மி.மீ. வரை. இரு முனையையும் இறுக்கிக் கட்டிய நெகிழிக் குழாய் இந்த நீட்சியை எல்போவின் மேல்தான் தள்ளும். நீண்ட, வெளியே தெரியும் வழிகளில் வளைவுகளுக்கு இடம்விட்டு, நடுவில் நகரக்கூடிய கிளாம்புகளைப் போட வேண்டும்.

ஐம்பது ஆண்டு உழைக்கும் என்று குழாய் நிறுவனங்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் குறுகிய காலம் சோதித்துப் பெற்ற விளைவை நீட்டிக் கணித்தது. உங்கள் நீரின் குளோரின் அளவு, ஹீட்டரின் உண்மையான வெப்பம், ஒட்டியவரின் கை ஆகியவை அந்தக் கணிப்பில் இல்லை. எனவே இதை உறுதிமொழியாகக் கொள்ளாமல், நல்ல நிலைமைகளில் எதிர்பார்க்கக்கூடிய அளவாக மட்டும் கொள்ளுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பல பழைய கட்டடங்களில் மின்சாரத்தின் எர்த்து இணைப்பு உலோக நீர்க்குழாயோடு கட்டப்பட்டிருக்கும். அந்தக் குழாயை நெகிழிக்கு மாற்றிய நாளிலேயே எர்த்து அறுந்துவிடும். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், எதுவும் மாறியதாகத் தெரியாது. பழுதான ஹீட்டரைத் தொடும் நாளில்தான் தெரியும். குழாயில் கை வைப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, தனி எர்த்து இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு துண்டை மட்டும் நெகிழியால் மாற்றினாலும் இதே ஆபத்து உண்டு.

வேலையின்போது சுவரை மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும். இதில் எந்த அவசரத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். ஒட்டிய பசை முழுவதும் காய்ந்த பிறகு, காற்றை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, மானியில் முள் இறங்குகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். நெகிழிக் குழாய் தொடக்கத்தில் சற்று விரிவதால் முள் கொஞ்சம் இறங்கும். மீண்டும் ஏற்றிய பிறகு நிலைக்க வேண்டும். யு.பி.வி.சி., சி.பி.வி.சி. குழாய்களைக் காற்றடைத்துச் சோதிக்க விடாதீர்கள். உடைந்தால் துண்டுகள் தெறித்துக் காயப்படுத்தும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கும்போது பயன்படும். தூணிலும் உத்தரத்திலும் காடி வெட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி பால் வால்வு (உள்ளே உருண்டை கொண்ட, கால் சுற்றில் மூடும் வால்வு) வையுங்கள். பழைய குழாயைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியதில்லை; இரு முனையிலும் துண்டித்து விட்டால் போதும். ஆனால் பழைய சுடுநீர்க் குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறக் காப்புப் பூச்சு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை உடைக்காமல், சோதித்த பிறகே தொட வேண்டும்.

கீழ்த்தள அலுவலகத்தை மூடாமல் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முடியும். பழைய வழி ஓடிக்கொண்டிருக்கும்போதே புது வழியைச் சுவருக்கு வெளியேயோ பொய்க்கூரைக்கு மேலேயோ முழுவதும் அமைத்து, சோதித்து முடித்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் இணைப்பை மாற்றிக்கொள்வதே நல்ல முறை. மாற்றிய பிறகு பழைய கிளைகளைப் புது வழியோடு ஒட்டிக்கொண்டு பயனின்றி நிற்கும்படி விடாதீர்கள். 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் தேங்கும் நீரில் கடும் நிமோனியாவை உண்டாக்கக்கூடிய லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். சுடுநீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைப்பதும் அதனால்தான். புதுக் குழாயைப் பயன்படுத்தும் முன் நன்றாக ஓடவிட்டுக் கழுவி, லிட்டருக்கு 50 மி.கிராம் குளோரின் கலந்த நீரை 24 மணிநேரம் நிறுத்திவைத்து, பின் அதை முழுவதும் வெளியேற்றிக் கழுவுவது நிறுவப்பட்ட வழக்கம். அந்த நேரத்தில் யாரும் அதைக் குடிக்காதபடி குழாய்களில் எழுதி ஒட்டுங்கள். தீயணைப்புக்கான வழி இருந்தால் அது தனி. அதைப் பிளம்பர் தொடக்கூடாது.

கழிவுநீர்க் குழாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது வார்ப்பிரும்பாக இருந்தால், அதே வயது அதற்கும் ஆகிவிட்டது. படுக்கையாக ஓடும் பகுதியின் அடிப்புறம்தான் முதலில் அரிபடும், மேலே தட்டிப் பார்த்தால் தெரியாது. கேமரா விட்டுப் பார்க்கச் செய்து, கெட்டிருந்தால் சுவர் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

உங்கள் விவரிப்பில் உள்ளதை மட்டும் வைத்துச் சொன்னால், நாற்பது ஆண்டு, வெவ்வேறு நாளில் இரண்டு கசிவு, குறைந்த நீர்வரத்து ஆகிய மூன்றும் ஒன்றாக இருப்பதால், முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும் என்ற பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் வெட்டிய துண்டைப் பார்க்காமல் அதை முடிவு என்று சொல்லமாட்டேன். இரண்டு கசிவும் ஒரே வழியிலா, சுடுநீரிலா குளிர்நீரிலா, இடையில் எப்போதாவது செம்புத் துண்டு சேர்த்தார்களா என்ற விவரங்களும், வாளி நிறைய ஆன விநாடிகளும், பிளந்த துண்டின் படமும் கிடைத்தால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.